டைவர்ட்டர் போச்சுன்னு டைல்ஸை உடைச்சிடாதீங்க

ஷவரைத் திறந்தா கீழ பக்கெட் பிடிக்கற குழாய், அதான் ஸ்பவுட், அதுலயும் தண்ணி கொட்டுது, சரி பக்கெட்ல பிடிச்சுக்கலாம்னு திருப்பினா மேல ஷவர்லேர்ந்து தலையில ஒழுகிட்டே இருக்கு, இல்லன்னா அந்த நடு நாப் திரும்பவே மாட்டேங்குது. இதுல ஏதோ ஒண்ணு உங்க பாத்ரூம்ல நடந்துட்டு இருந்தா பெரும்பாலும் தண்ணியை ஷவருக்கோ ஸ்பவுட்டுக்கோ திருப்பி விடற டைவர்ட்டர்தான் காரணம். இதைப் பாத்துட்டு யாராவது முழு செட்டையும் மாத்தணும், நாலு டைல்ஸ் உடைக்கணும்னு சொன்னா, தயவு செஞ்சு உடனே சரின்னு தலையாட்டிடாதீங்க. முதல்ல அதைத் திறந்து உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. முக்கால்வாசி கேஸ்ல உள்ள உப்பு படிஞ்ச ஒரு ரப்பர் வளையம்தான் இருக்கும், சுத்தி வேற ஒண்ணும் கெட்டுப் போயிருக்காது.

வேளச்சேரியில அம்மா இருக்கற ஃபிளாட்ல இதுதான் நடந்துச்சு. அம்மாவுக்கு சைனஸ் தொல்லை, அதனால தலைக்கு ஊத்திக்கறது வெள்ளிக்கிழமை மட்டும், மத்த நாள்லாம் பக்கெட்ல வெந்நீர் பிடிச்சு உடம்புக்கு ஊத்திக்கிட்டு வந்துடுவாங்க. ஷவர் ஒழுக ஆரம்பிச்சதும் பக்கெட் நிரம்பற வரைக்கும் தலையில துண்டைச் சுத்திக்கிட்டு ஓரமா நிக்க வேண்டியிருந்துச்சு, அதுவும் மார்கழி குளிர்ல காலங்காத்தால. பாக்க வந்த பிளம்பர் கையை வெச்சு ரெண்டு தடவை திருப்பிப் பாத்துட்டு, உள்ள இருக்கற பித்தளை பாடியே போயிடுச்சு, செவுத்தை உடைச்சுதான் மாத்தணும்னு சொல்லிட்டுப் போனார். அந்த டைல்ஸ் இப்போ எங்கயும் கிடைக்காது, உடைச்சா அந்த நாலு மட்டும் வேற கலர்லதான் நிக்கும். எனக்கு மனசு வரல, நானே திறந்து பாத்தேன். உள்ள இருந்த ஓ ரிங், அதான் அந்த ரப்பர் வளையம், அதைச் சுத்தி வெள்ளையா உப்பு கட்டிப் போயிருந்துச்சு, ரிங் ஒரு பக்கம் தட்டையா நசுங்கி இருந்துச்சு, அவ்ளோதான். அதை மாத்தினதும் ஒழுகல் நின்னு போச்சு. இது தெரியாம எத்தனை வீட்ல செவுத்தை உடைச்சிருப்பாங்கன்னு நெனச்சா நிஜமாவே வருத்தமா இருக்கு, அதான் உக்காந்து எழுதறேன்.

டைவர்ட்டரோட வேலை ரொம்ப சிம்பிள். சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் கலந்து வர்ற ஒரே பாதைக்கு ரெண்டு வாசல் இருக்கு, ஒண்ணு மேல ஷவருக்கு, ஒண்ணு கீழ ஸ்பவுட்டுக்கு, ஒரு வாசலை மூடி இன்னொண்ணைத் திறந்து விடறதுதான் டைவர்ட்டர். நம்ம வீடுகள்ல இதுக்கு வேலை ஜாஸ்தி. ஒரே பாத்ரூம்ல பெரியவங்க பக்கெட்ல பிடிப்பாங்க, பசங்க ஷவர்ல நிப்பாங்க, நடுவுல துணி ஊறவைக்க யாராவது பக்கெட்டை வெப்பாங்க, ஆக ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பறோம்னு பாருங்க. இதுக்கு நேர் எதிரா சில வீட்ல எப்பவுமே பக்கெட்தான், ஷவர் சும்மா அழகுக்கு இருக்கும், அங்க டைவர்ட்டரை மாசக்கணக்கா யாரும் தொடவே மாட்டாங்க, உப்பு படிஞ்சு அது நிக்கற எடத்துலயே இறுகிப் போயிடும். அடிக்கடி திருப்பறதால தேயறது ஒரு வகை, திருப்பாமலே விட்டு ஒட்டிக்கறது ஒரு வகை. கை வெக்கறதுக்கு முன்னாடி உங்களோடது எந்த வகைன்னு யோசிங்க, ஏன்னா தேஞ்சதுக்கு புது ரிங் வேணும், ஒட்டிக்கிட்டதுக்கு பெரும்பாலும் சுத்தம் பண்ணாலே போதும்.

அடுத்தது உங்க பாத்ரூம்ல என்ன டைப் இருக்குன்னு பாருங்க. செவுத்துக்கு வெளிய, ரெண்டு பக்கமும் ஹாட் கோல்டு நாப், நடுவுல ஒரு நாப், கீழ ஸ்பவுட்னு நீளமா படுத்திருந்தா அது வால் மிக்ஸர். நடு நாப்தான் டைவர்ட்டர். செவுத்துக்குள்ள பொதச்சு, வெளிய ஒரு தகடும் ஒரே ஒரு லீவரும் அதுக்குப் பக்கத்துல ஒரு பட்டனும் மட்டும் தெரிஞ்சா அது சிங்கிள் லீவர் கன்சீல்டு டைவர்ட்டர், இப்போ கட்டற ஃபிளாட்ல முக்காவாசி இதுதான். மூணாவது, ஸ்பவுட் தலையிலயே ஒரு குமிழ் இருக்கும், அதை மேல தூக்கினா ஷவர்ல தண்ணி வரும், தண்ணியை நிறுத்தினா அதுவே கீழ விழுந்துடும்.

இந்த மூணாவது வகையைப் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா கெட்டுப் போகாமலே கெட்டுப் போச்சுன்னு பேர் வாங்கறது இதுதான். குமிழைத் தூக்கிப் பிடிச்சா ஷவர் வருது, கையை எடுத்தா பொத்துன்னு விழுந்துடுதுன்னு சொல்வாங்க. அதை மேல நிக்க வெக்கறது ஸ்பிரிங்கோ லாக்கோ கிடையாது, தண்ணியோட பிரஷர். தூக்கினதும் உள்ள இருக்கற சின்ன கதவை தண்ணியே அழுத்திப் பிடிச்சுக்கும். அந்த அழுத்தத்துக்கு தண்ணி உயரத்துலேர்ந்து வரணும். பார், பிஎஸ்ஐ ரெண்டும் அழுத்தத்தை அளக்கற அலகு, 10 மீட்டர் உயரத்துக்கு தோராயமா 1 பார், அடியில சொன்னா ஒவ்வொரு அடிக்கும் 0.43 பிஎஸ்ஐ. மாடி டேங்க் தண்ணி மட்டத்துலேர்ந்து உங்க ஷவர் வரைக்கும் எவ்ளோ அடின்னு கணக்கு போடுங்க. கடைசி மாடி வீட்ல ஷவர் 7 அடியில இருக்கு, கூரை 10 அடி, அதுக்கு மேல டேங்க் ஒரு மேடையில உக்காந்திருக்கு, எல்லாம் சேத்தாலும் 8 அடி 10 அடிதான் தேறும், அதாவது கால் பார் சொச்சம். அதே பில்டிங்ல மூணு மாடி கீழ இருக்கறவங்களுக்கு இன்னும் 30 அடி கூட கிடைக்குது, அவங்களுக்கு 1 பாருக்கு மேல. ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கின ஸ்பவுட் கீழ் வீட்ல நல்லா நிக்கும், மேல் வீட்ல விழுந்துட்டே இருக்கும். இதுக்கு எத்தனை புது ஸ்பவுட் வாங்கிப் போட்டாலும் இதேதான் நடக்கும். டேங்க்கை உசத்தணும், இல்ல சின்ன பிரஷர் பம்ப் வெக்கணும், இல்ல பிரஷரை நம்பாம கையால திருப்பற டைவர்ட்டரா மாத்தணும். டேங்க்ல தண்ணி பாதிக்குக் கீழ இறங்கினா மட்டும் விழுதுன்னா கண்டிப்பா பிரஷர்தான், அதை ரெண்டு நாள் கவனிச்சாலே தெரிஞ்சிடும்.

ஸ்பேனரைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி இன்னும் சில விஷயம் பாத்துடுங்க. எல்லாத்தையும் மூடின பிறகும் ஸ்பவுட்ல சொட்டுதுன்னா அது டைவர்ட்டர் குற்றமே கிடையாது, ஹாட் இல்ல கோல்டு நாப்புக்குள்ள இருக்கற ஸ்பின்டில்தான், அதாவது நாப்போட சேர்ந்து திரும்பற தண்டுதான், சரியா மூடல. கீசருக்குக் கீழ தண்ணி உள்ள போற சின்ன வால்வை, அதான் ஆங்கிள் காக்கை, மூடிப் பாருங்க, சொட்டு நின்னா ஹாட் பக்கம், நிக்கலன்னா கோல்டு பக்கம். அதே மாதிரி குளிச்சு முடிச்சு மூடினப்பறம் ஷவர்ல கொஞ்ச நேரம் சொட்டறதும் கோளாறு இல்ல, மேல போன பைப்லயும் ஷவர் தலையிலயும் தேங்கின தண்ணி வடியுது, அவ்ளோதான், அது தானா நின்னுடும். அப்பறம் ஷவர்ல தண்ணி மெலிசா வருது, மிச்சம் ஸ்பவுட்ல வருதுன்னா, ஷவர் தலையைக் கழட்டிட்டு வெறும் பைப்ல திறந்து பாருங்க. வெறும் பைப்ல நல்லா கொட்டுதுன்னா ஷவர் ஓட்டையெல்லாம் உப்பு அடைச்சிருக்கு. மேல போக வழியில்லாம தண்ணி திரும்பி அமுக்கறதால, லேசா தேஞ்ச டைவர்ட்டர்கூட கீழ ஒழுக ஆரம்பிக்கும். நிறைய வீட்ல ஷவர் தலையைக் கழட்டி ராத்திரி ஊறப்போட்டு சுத்தம் பண்ணினதுமே ஸ்பவுட் ஒழுகலும் பாதிக்கு மேல குறைஞ்சுடும்.

இந்த உப்பு எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா, போர் தண்ணியில கரைஞ்சிருக்கற கால்சியம், மெக்னீசியம்தான். கால்சியம் பைகார்பனேட்டா கரைஞ்சு இருக்கறது தண்ணி சூடானதும் கால்சியம் கார்பனேட்டா மாறி வெள்ளையா படியும், அதனாலதான் கீசர் காயில்லயும் ஹாட் பக்க ஸ்பின்டில்லயும் டைவர்ட்டர்லயும் கோல்டு பக்கத்தை விட அதிகமா கட்டி நிக்குது. 2012-ல வந்த ஐஎஸ் 10500 குடிநீர் தரத்துல கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம், வேற தண்ணியே இல்லாத எடத்துல 600 வரைக்கும் விடலாம்னு இருக்கு. சோப்பு நுரை வரலன்னா, பக்கெட் உள்ள வெள்ளை வட்டம் விழுந்தா, உங்க தண்ணி இதுல மேல் பக்கம்தான்னு எடுத்துக்கலாம். சந்தேகமா இருந்தா மாவட்டங்கள்ல குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப் இருக்கு, கட்டணம் கட்டினா டெஸ்ட் பண்ணித் தருவாங்க. கோயம்புத்தூர்ல சித்தி வீட்ல சிறுவாணி தண்ணி, அங்க இருக்கற பழைய வால் மிக்ஸர் இன்னைக்கும் விரல்ல தள்ளினா திரும்புது. சாமான் என்ன விலைங்கறதை விட என்ன தண்ணி அதுல ஓடுதுங்கறதுதான் அதோட ஆயுசை முடிவு பண்ணுது, இது என்னோட அழுத்தமான அபிப்பிராயம். பழைய வீட்ல ஜிஐ பைப், அதாவது இரும்பு பைப் இருந்தா உப்போட துருத்தூளும் சேர்ந்து வரும், அது ரப்பரைக் கீறிடும்.

சரி, இப்போ கழட்டறதுக்கு வருவோம். முதல்ல கீசர் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, முடிஞ்சா கரண்ட் போர்டுல இருக்கற ட்ரிப் சுவிட்சையே, அதான் எம்சிபியை, இறக்கிடுங்க. லைன் காலியாகும்போது கீசர் ஓடிட்டு இருந்தா காயில் போயிடும், தவிர உள்ள தேங்கி இருக்கற கொதிக்கற தண்ணி கையில கொட்டும். ஏற்கெனவே சூடா இருந்தா ஆறட்டும், அவசரமே வேண்டாம். அப்பறம் பாத்ரூம் லைனோட ஸ்டாப் காக்கை மூடுங்க, அது இல்லாத வீட்ல மொட்டை மாடி கேட் வால்வை மூடணும். அபார்ட்மென்ட்டா இருந்தா எந்த வால்வு யாரோட வீட்டுக்குன்னு வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கேட்டுட்டு மூடுங்க, பக்கத்து வீட்ல யாராவது சோப்பு போட்டுட்டு நின்னுட்டு இருப்பாங்க. பல வருஷமா தொடாத கேட் வால்வுன்னா முரட்டுத்தனமா திருகாதீங்க, உள்ள தண்டு முறிஞ்சா அன்னைக்கு முழு பில்டிங்குக்கும் தண்ணி இருக்காது. கொஞ்சம் இப்படி கொஞ்சம் அப்படின்னு ஆட்டி ஆட்டி மூடுங்க. மூடினதும் ஹாட், கோல்டு ரெண்டையும் திறந்து விட்டு, சொட்டு நிக்கற வரைக்கும் காத்திருங்க.

கீழ தண்ணி போற நஹானி ட்ராப் மேல ஒரு பழைய துணியைப் போட்டு மூடிடுங்க. கைதவறி விழற ஸ்க்ரூவும், சர்க்கிளிப்னு சொல்ற சின்ன கம்பி வளையமும் நேரா அதுக்குள்ளதான் போகும். ஒவ்வொண்ணையும் கழட்டறதுக்கு முன்னாடி ஃபோன்ல ஒரு போட்டோ, கழட்டின வரிசையிலேயே தரையில துணி மேல அடுக்கி வைங்க. வாஷர் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுங்கறது பத்து நிமிஷம் கழிச்சு யாருக்குமே ஞாபகம் இருக்காது.

வால் மிக்ஸர்னா நடு நாப்போட மூடியை மெல்லிசா ஏதாவது வெச்சு நெம்பினா வந்துடும், உள்ள ஒரு ஸ்க்ரூ. சிலதுல மூடி இருக்காது, நாப்புக்கு அடியில சின்ன ஓட்டை இருக்கும், அதுக்கு எலன் கீ, அதான் எல் மாதிரி வளைஞ்ச ஆறு பட்டை சாவி வேணும். நாப் உப்புல இறுகி வரலன்னா சுத்தியலால தட்டாதீங்க, வினிகர்ல நனைச்ச துணியை அரை மணி நேரம் சுத்தி விட்டுட்டு ஆட்டிப் பாருங்க. நாப் வந்ததும் உள்ள ஒரு பித்தளை நட்டு தெரியும், குரோம் கீறாம இருக்க துணி சுத்தி ஸ்க்ரூ ஸ்பேனரைப் போட்டு இடது பக்கமா திருகுங்க. இன்னொரு கையால மிக்ஸர் பாடியை அழுத்திப் பிடிச்சுக்கணும், இது ரொம்ப முக்கியம், ஏன்னா நீங்க கொடுக்கற பலம் பூரா அப்படியே செவுத்துக்குள்ள இருக்கற பிளாஸ்டிக் பைப் வளைவுக்கு, அதான் சிபிவிசி எல்போவுக்குப் போகும், அது விரிசல் விட்டா அப்போதான் நிஜமாவே டைல்ஸ் உடைக்கணும். நட்டு கழண்டதும் உள்ள இருக்கற டைவர்ட்டர் ஸ்பின்டில் முழுசா வெளிய வந்துடும். சில மாடல்ல அதுல ரெண்டு மூணு ஓ ரிங் இருக்கும், சிலதுல ரப்பர் வாஷர் வெச்ச ஒரு சின்ன பிஸ்டன், சிலதுல செராமிக் டிஸ்க் உள்ள ஒரே கார்ட்ரிட்ஜ், அதாவது எல்லாம் ஒண்ணா அடைச்ச ஒரு உருளை.

கன்சீல்டு டைப்பைப் பாத்துதான் எல்லாரும் பயப்படறாங்க, உள்ள பொதச்சிருக்கே எப்படி எடுக்கறதுன்னு. செவுத்துக்குள்ள இருக்கறது பித்தளை பாடி மட்டும்தான், அதுல அசையற பாகம் ஒண்ணும் இல்ல. அசையற பாகம் எல்லாமே, கார்ட்ரிட்ஜ் ஆகட்டும் டைவர்ட்டர் பட்டனோட அசெம்பிளி ஆகட்டும், முன்பக்கமா எடுக்கற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க. லீவர்ல சிவப்பு நீல புள்ளி இருக்கும் பாருங்க, அதை நெம்பினா உள்ள எலன் கீ போடற சின்ன ஸ்க்ரூ, பெரும்பாலும் 2.5 இல்ல 3 எம்எம். லீவர் வந்ததும் தகட்டை மெதுவா இழுத்தா வந்துடும், செவுத்தோட சிலிகான் போட்டு ஒட்டியிருந்தா பிளேடால ஓரமா சுத்தி அறுத்துட்டு இழுக்கணும். பின்னாடி கார்ட்ரிட்ஜைப் பிடிச்சிருக்கற ரிங் நட்டும், டைவர்ட்டர் அசெம்பிளியும் தனித்தனியா தெரியும். பட்டன்தான் பிரச்சினைன்னா கார்ட்ரிட்ஜைத் தொடவே வேண்டாம். அதுவும் மாத்தணும்னா, பொதுவா 35 எம்எம், 40 எம்எம்னு ரெண்டு சைஸ்ல வருது, பழசைக் கையில வெச்சு அளந்துட்டு கடைக்குப் போங்க, அடியில இருக்கற காலும் ஓட்டையும்கூட ஒண்ணுபோல இருக்கணும்.

குமிழ் வெச்ச ஸ்பவுட்ல கதவும் ரப்பரும் ஸ்பவுட்டுக்குள்ளயே இருக்கறதால, பல மாடல்ல தனியா மாத்த முடியாது, முழு ஸ்பவுட்டையே மாத்தறதுதான் வழி. துணி சுத்தி இடது பக்கமா திருகினா வந்துடும், டைல்ஸுக்கு ஒண்ணும் ஆகாது.

வெளிய எடுத்த பாகத்துலேர்ந்து ரப்பர் எல்லாத்தையும் முதல்ல கழட்டிடுங்க, அப்பறம் பித்தளையை மட்டும் ஊறப் போடுங்க. வெள்ளை வினிகர் போதும், இல்லன்னா மளிகைக் கடையில எலுமிச்சை உப்புன்னு கேட்டா சிட்ரிக் ஆசிட் தருவாங்க, வெந்நீர்ல ரெண்டு ஸ்பூன் கரைச்சு ஊத்துங்க. பொங்கி நுரை வரும், அதுதான் கார்பனேட் கரையற அடையாளம். குத்துவிளக்கு தேய்க்க வெச்சிருக்கற புளியும் இதுக்கு நல்லாவே உதவும், கொஞ்சம் நேரம் ஆகும், அம்மா அதைத்தான் எடுத்துக் குடுத்தாங்க. பழைய டூத் பிரஷ்ஷால தேயுங்க. உப்புத்தாள் போட்டு ராவாதீங்க, அதுவும் செராமிக் டிஸ்க்ல வேண்டவே வேண்டாம், அது கண்ணாடி கணக்கா வழவழன்னு இருந்தாதான் தண்ணியைத் தடுக்கும்.

டாய்லெட் கிளீனர் ஆசிட்டை ஊத்தி சீக்கிரமா முடிச்சிடலாம்னு சில பேர் சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. அதுல இருக்கறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், உப்போட சேர்த்து குரோம் பூச்சையும் பித்தளையையும் தின்னுடும், அன்னைக்கு பளபளன்னு இருக்கும், கொஞ்ச நாள்ல கறுத்துப் பொரிஞ்சு போகும். பாத்ரூம்ல பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில அந்த ஆசிட் பட்டுச்சுன்னா குளோரின் வாயு கிளம்பும், மூடின சின்ன ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. வயசானவங்க, ஆஸ்துமா இருக்கறவங்க வீட்ல அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ரப்பருக்கு வருவோம். ஓ ரிங்கை நகத்தால அழுத்திப் பாருங்க, திரும்ப எழும்பாம தட்டையா நின்னாலோ, வெடிப்பு தெரிஞ்சாலோ, கறுப்பு மை கையில ஒட்டினாலோ மாத்திடுங்க. பத்து இருபது ரூபா சமாச்சாரம், எடுத்த கையோட எல்லா ரிங்கையும் மாத்திடறதுதான் நல்லது. ரிங்கை மட்டும் கொண்டு போகாம ஸ்பின்டிலையே கடைக்கு எடுத்துட்டு போங்க, பழைய ரிங் நசுங்கியோ ஊதியோ இருக்கறதால அதோட அளவை நம்ப முடியாது, அது உக்கார்ற பள்ளத்துல போட்டுப் பாத்து வாங்கணும். பள்ளத்தை விட்டு லேசா வெளிய துருத்திட்டு நிக்கணும், அப்போதான் அடைக்கும். தெரு முனை ஹார்டுவேர் கடையில பொதுவான சைஸ் கிடைச்சிடும். முழு ஸ்பின்டிலே வேணும், மாடல் பழசுன்னா கம்பெனி சர்வீஸ்ல கேக்கலாம், சென்னையில இருக்கறவங்க மண்ணடி செம்புதாஸ் தெரு பக்கம் ஒரு நடை போய்ட்டு வரலாம். நாப் மாட்டற பல்லோட எண்ணிக்கை மாடலுக்கு மாடல் மாறும், அதனால நாப்பையும் பையில போட்டுக்கோங்க.

புது ரிங்கைப் போடும்போது சிலிகான் கிரீஸ் ரொம்ப மெல்லிசா தடவுங்க. நம்ம வீட்ல எது இறுகினாலும் தேங்காய் எண்ணெய்தான் கைக்கு வரும், இதுக்கு அது வேண்டாம், வேஸலினும் வேண்டாம். சில ரப்பர் எண்ணெய் பட்டா ஊதிக்கும், ஊதினா நாப் திரும்பாது, கொஞ்ச நாள்ல கிழிஞ்சும் போகும். சிலிகான் கிரீஸ் சின்ன டப்பா ஒண்ணு வாங்கி வெச்சா வீட்ல இருக்கற எல்லா குழாய்க்கும் வருஷக்கணக்கா வரும்.

திரும்ப மாட்டறது கழட்டினதோட தலைகீழ் வரிசை. ஓ ரிங் இருக்கற நட்டுக்கு டெஃப்ளான் டேப் தேவையில்ல, ரிங்கே அடைச்சுக்கும், கையால முழுசா திருகிட்டு ஸ்பேனர்ல கால் சுத்து போதும். ஷவர் கை, ஸ்பவுட் மாதிரி மரைதான் அடைக்கணும்ங்கற எடத்துக்குத்தான் டேப். அரை இன்ச் பைப்புன்னு சொல்றோமே, அந்த மரையோட வெளி அளவு கிட்டத்தட்ட 21 எம்எம், அதனால ஸ்கேல் வெச்சு அளந்துட்டு முக்கால் இன்ச் சாமான் வாங்கிட்டு வந்துடாதீங்க. மரை முனை உங்களைப் பாத்த மாதிரி பிடிச்சுக்கிட்டு கடிகார முள் போற பக்கமா டேப்பை இழுத்துச் சுத்துங்க, எதிர்ப்பக்கம் சுத்தினா திருகும்போது அது உருவிக்கிட்டு வந்துடும். கடையில கிடைக்கற டேப் ரொம்ப மெலிசு, ரெண்டு மூணு சுத்து பத்தாது, பத்து சுத்தாவது போகட்டும்.

எல்லாம் மாட்டினதும் வால்வை ஒரேயடியா திறக்காதீங்க, மெதுவா திறந்து முதல்ல கோல்டை மட்டும் கொஞ்ச நேரம் ஓட விடுங்க, லைன்ல உதிர்ந்த தூளெல்லாம் வெளிய போகட்டும். ஷவர் தலையை அதுக்கப்பறம் மாட்டினா இன்னும் நல்லது, தூள் அதுக்குள்ள போய் அடைக்காது. அப்பறம் ஹாட், அப்பறம் டைவர்ட்டரை ரெண்டு பக்கமும் பல தடவை திருப்பிப் பாருங்க. நட்டைச் சுத்தி ஒரு டிஷ்யூ பேப்பரை ஒத்தி எடுத்தா கண்ணுக்குத் தெரியாத கசிவுகூடத் தெரியும். கீசர்ல தண்ணி நிறைஞ்சு ஹாட் பக்கம் விடாம கொட்ட ஆரம்பிச்ச பிறகுதான் கீசர் சுவிட்சைப் போடணும், இதை மட்டும் மறக்காதீங்க.

இதெல்லாம் பண்ணியும் ஒழுகுதுன்னா பாடிக்குள்ள ரப்பர் உக்கார்ற எடத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. அங்க பித்தளையே அரிச்சு பள்ளம் விழுந்திருந்தா புது ரிங் உதவாது, பாடியை மாத்தித்தான் ஆகணும். வால் மிக்ஸரா இருந்தா அதுக்கும் டைல்ஸ் உடைக்கத் தேவையில்ல, ரெண்டு பக்க நட்டையும் கழட்டிட்டு புதுசை அதே எடத்துல மாட்டலாம், ரெண்டு கனெக்‌ஷனுக்கும் நடுவுல 150 எம்எம் இருக்கற மாதிரிதான் பொதுவா எல்லாமே வருது, கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா மிக்ஸரை செவுத்தோட சேர்க்கற அந்த வளைஞ்ச லெக்கைத் திருப்பி சரி பண்ணிக்கலாம். கன்சீல்டு பாடியே அரிச்சிருந்தாலோ, பாத்ரூம் செவுத்தோட பின்பக்கம் பெயின்ட் பொரிஞ்சு ஈரம் தெரிஞ்சாலோ, கீழ் வீட்டு சீலிங்ல கறை வந்தாலோ மட்டும்தான் செவுத்தைத் தொடணும், அப்போ நல்லா வேலை தெரிஞ்ச பிளம்பரைக் கூப்பிடுங்க, அது நாம செய்யற வேலை கிடையாது. பிளம்பரைக் கூப்பிட்டாலும், அண்ணே முதல்ல ஸ்பின்டிலைக் கழட்டிக் காட்டுங்க, அப்பறம் பேசலாம்னு கேளுங்க. பொறுமையா கழட்டிக் காட்டறவர்தான் வேலை தெரிஞ்சவர், அவர் கேக்கற கூலியைப் பேரம் பேசாம குடுங்க. அவரோட நம்பரையும் பத்திரமா வெச்சுக்கோங்க.

சரி பண்ணினப்பறம் வாரத்துக்கு ஒரு தடவையாவது டைவர்ட்டரை முழுசா ரெண்டு பக்கமும் திருப்பி விடுங்க, பக்கெட் மட்டும் பிடிக்கற வீடுகள்ல இது ரொம்ப அவசியம். பாதியில நிறுத்தி ரெண்டுலயும் தண்ணி வர்ற மாதிரி வெச்சுக் குளிக்கற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, ரப்பர் வாசல் ஓரத்துல மாட்டிக்கிட்டு ஒரே எடத்துல தேயும். புதுசா வீடு கட்டறவங்க, பாத்ரூம் மாத்தறவங்க இன்னும் ரெண்டு வேலை செஞ்சிடுங்க. டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி பைப் போற செவுத்தை டேப் பிடிச்சு அளவு தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைங்க, மிச்சம் வர்ற டைல்ஸ்ல அரை பெட்டியாவது தூக்கிப் போடாம பரண் மேல ஏத்தி வைங்க. அதோட ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனி ஸ்டாப் காக், கைக்கு எட்டற எடத்துல, கண்டிப்பா கேட்டு வெச்சுக்கோங்க.